அரணாக்கயிறு பட்ட இடத்தில் சிவப்புப் புள்ளிகள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா:

மகள் பிறந்தபோதே இடது தொடையில் எட்டணா அகலத்துக்குச் செந்திட்டு இருந்தது. “கிரகணத்தன்னிக்கு வாசலுக்கு வந்தியே, அதான்” என்றார் மாமியார். பார்த்த டாக்டர், “ஹெமாஞ்சியோமா, ரத்தக்குழாய்க் கட்டி, தானா கரைஞ்சிடும்” என்றார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரிதான். சாதாரண ஹெமாஞ்சியோமா முதல் வருஷத்தில் வளரும், அப்புறம் மெல்ல வடியும்.

ஏழாவது வாரம், குறுவை அறுப்பு நேரம். குளிப்பாட்டக் காலில் போட்டால் தொடை கல்லாக இருக்கிறது. கத்தரிக்காய் ஊதா, தோலும் அதே மினுமினுப்பு. அரணாக்கயிறு பட்ட இடம் சுற்றிலும் கடுகு தெளித்ததுபோல் சிவப்புப் புள்ளிகள். தொட்டால் வீறிட்டு அழுதாள். சீழ்க்கட்டி, கீறிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நல்லவேளை, கீறுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் 11,000. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது. ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் அடிமட்டம், உறைந்த ரத்தம் கரைவதைக் காட்டும் டி-டைமர் எக்கச்சக்கம்.

அன்று ராத்திரியே சென்னைக்குக் கொண்டுபோனோம். எம்.ஆர்.ஐ.யில் கட்டிக்கு எல்லையே தெரியவில்லை. தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றிலும் ஊடுருவியிருந்தது. கபோசிஃபார்ம் ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா என்றார்கள், அபூர்வமான வேறொரு ரத்தக்குழாய்க் கட்டி. பிளேட்லெட்டைக் கட்டியே விழுங்குவதற்குக் கசபாக்-மெரிட் என்று பெயராம்.

டெங்கு பார்த்த ஊர் இல்லையா, “பிளேட்லெட் ஏத்துங்க சார்” என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். “ஏத்தினா கட்டிக்குள்ளதான் போய்ச் சிக்கும், இன்னும் வீங்கும். ரத்தக்கசிவு இருந்தாலோ, ஆபரேஷன் பண்றதா இருந்தாலோதான் ஏத்துவோம்” என்றார் டாக்டர். கசியும் அபாயம் இருந்ததால் சதைப் பரிசோதனையையும் தள்ளிவைத்தார்கள். ஸ்டீராய்டும், கட்டியின் வளர்ச்சியை அடக்கும் சிரோலிமஸ் மருந்தும் ஆரம்பித்தார்கள். நாலாவது வாரம் பிளேட்லெட் லட்சத்தைத் தாண்டியது. அந்தச் சீட்டை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

இப்போது இரண்டரை வயது. அந்தக் கால் கொஞ்சம் தடிமன், முட்டி முழுசாக மடங்காது. பயிற்சி நடக்கிறது.

கும்பகோணத்திலிருந்து, லேபில் இருப்பவர்:

அக்கா, கசபாக்-மெரிட் 1940-இலேயே எழுதப்பட்டது. ஆனால் சாதாரண ஹெமாஞ்சியோமாவில் அது வருவதில்லை, இந்தக் கட்டியிலும் இதன் இனத்தைச் சேர்ந்த டஃப்டட் ஆஞ்சியோமா என்ற கட்டியிலும்தான் வருகிறது என்பது 1997-இல்தான் தெளிவானது. சதை எடுக்க முடிந்தால் குளுட்-1 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டுப் பார்ப்போம். சாதாரண ஹெமாஞ்சியோமாவில் ஏறும், இதில் ஏறாது. வயிற்றுக்குள் இருந்தால் தோலில் ஒன்றுமே தெரியாமல் போகலாம், அதுதான் பயம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து, கிராம சுகாதார செவிலியர்:

எந்த மச்சத்தைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து வாராவாரம் போட்டோ எடுக்கச் சொல்வேன். வளர்ச்சி வார்த்தையில் புரியாது, போட்டோவில் புரியும். இறுகி, ஊதாவாகி, புள்ளி வந்தால் அன்றைக்கே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். செலவு அதிகமில்லாத டெஸ்ட்தான். பாப்பாவுக்குத் தடுப்பூசி எப்படிப் போடுகிறீர்கள்?

மன்னார்குடி அம்மா:

சிரோலிமஸ் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம், அதைக் கொடுக்கிற வரைக்கும் உயிருள்ள கிருமி வகை ஊசியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், சிஸ்டர். மற்றதெல்லாம் அட்டைப்படி போட்டாச்சு. வீட்டில் யாருக்காவது காய்ச்சல், அம்மை என்றால் இவளை எங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.