‘வைக்கோல் வண்டி’ ஓவியம்: அமைதியா, மழைக்கு முந்தின பதற்றமா?

உப்புவெளி_மாணவி:
ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’ (1821) பற்றி உயர்தரச் சித்திரப் பயிற்சிக்கு ரசனைக் குறிப்பு எழுதவேணும். எல்லாரும் “அமைதியான கிராமம்” என்கிறார்கள். எனக்குக் கறுத்த மேகம்தான் முதலில் கண்ணில் படுகுது. எது சரி?

தூரிகை:
இரண்டும் சரி தங்கச்சி. ஆனால் “அமைதி” என்று மட்டும் எழுதினால் புள்ளி விழாது, படத்தில் எங்கே என்று காட்டவேணும். இடப்பக்கம் வீடும் மரங்களும் இருட்டாய்ப் பாரமாய் நிற்க, வலப்பக்கப் புல்வெளி வெளிச்சமாய்த் திறந்து கிடக்கு. கண் தானாக வலப்பக்கம் போகும். கரையில் நிற்கிற நாயின் பார்வை ஆற்றுக்குள் நிற்கும் வண்டியில் கொண்டுபோய் விடும்.

வண்டி வெறுமை. தூரத்தில் புள்ளி புள்ளியாய் ஆட்கள் புல் ஏற்றுகிறார்கள் (எங்கட வைக்கோல் இல்லை, வெட்டிக் காயவைத்த புல்). வேலை முடியவில்லை, மேகமோ திரளுது. வண்டிக்காரருக்கு மட்டும் அவசரமே இல்லை. அந்த இழுபறியை எழுதுங்கோ. மாலைக்காட்சி என்று மட்டும் எழுதிப்போடாதீங்கோ. கொன்ஸ்டபிள் முதலில் வைத்த பெயரே ‘நிலக்காட்சி: நண்பகல்’.

கரைவலை:
குதிரைச் சேணத்துச் சிவப்பைப் பெருவிரலால் மறைத்துப் பாருங்கோ, பச்சை முழுக்கச் சோர்ந்துபோகும். மூலம் ஏறக்குறைய 130 × 185 செ.மீ. போனில் பெருப்பிக்காமல் பார்த்தால் தூரத்தில் புல் ஏற்றுகிற ஆட்கள் தெரியவே மாட்டார்கள். முழு அளவு முன்வரைவில் நாய்க்குப் பக்கத்தில் குதிரையில் ஒருவர் இருக்கிறார். இறுதிப் படத்தில் அவரை எடுத்துவிட்டதால்தான் பார்வை தடையில்லாமல் வண்டிக்குப் போகுது.

உப்புவெளி_மாணவி:
நன்றி. இதே மாதிரித் தம்பலகாமம் வயலைக் கீறினால் தட்டையாய் வருகுதே?

தூரிகை:
மத்தியான வெயிலில் நிழல் காலடியிலேயே ஒட்டிக்கிடக்கும், அதுதான். காலை ஏழு, எட்டு மணிக்குப் போங்கோ, இல்லாட்டி மார்கழி மேகம் வயலில் நிழல் போடும் நாளாகப் பாருங்கோ. முதலில் உள்ளங்கை அளவில் கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றால் மட்டும் கீறுங்கோ; அதில் நிற்காத படம் நிறத்தால் நிற்காது. அடிவானத்தை நடுவில் போட்டால் படம் இரண்டாய்ப் பிளக்கும். வானம் பேசவேணுமென்றால் மேலே மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கோ.

குழாய்ப் பச்சையை அப்படியே பூசாதீங்கோ. கிட்ட உள்ளதுக்குக் கொஞ்சம் காவி, தூரத்துக்கு நீலமும் வெள்ளையும் கலவுங்கோ. சிவப்புச் சேணத்துக்குப் பதில் எருமைமேல் ஒரு கொக்கு போதும். ஒன்றுதான், கூட்டமாய் வைத்தால் கண் அலையும். எருமை முகம் படத்துக்கு உள்ளே திரும்பியிருக்கட்டும்.