மறு: டெர்மினேட்டருக்குத் தமிழ்: ஈற்றுத்தடையம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆலைக் கருவிகளை ஒரே கேபிளில் தொடராக இணைக்கும் ஃபீல்டுபஸ்ஸுக்கு, இங்கே முன்மொழியப்பட்ட 'களப்பாட்டை' பொருத்தமே. மின்புலம், காந்தப்புலம் என்று 'புலம்' வேறு பொருளில் ஊன்றிவிட்டதால் இங்கே 'களம்'தான் தெளிவு. அதை இத்துடன் விட்டுவிடலாம்.

> டெர்மினேட்டர் – முடிவு மின்தடை

டெர்மினேட்டர் என்பது அந்தக் கேபிளின் இரு கோடிகளிலும் வைக்கும் மின்தடையங்கள் (ரெசிஸ்டர்கள்). அதற்கு 'முடிவு மின்தடை' என்ற இந்தப் பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் மின்தடை என்றால் மின்வெட்டு. 'முடிவு' அதைவிடச் சிக்கல். பேனலில் வயரை முனையத்தில் முறுக்கிப் பொருத்துவதையும் எலக்ட்ரீஷியன்கள் டெர்மினேஷன் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு வேலைகள்; தமிழிலாவது பிரித்துச் சொல்வோம்.

ஃபீல்டுபஸ் வகைகளில் ஒன்றான புரோஃபிபஸ் டிபியை எடுத்துக்கொள்வோம். ஊதா நிறக் கேபிள். உள்ளே ஏ கம்பி பச்சை, பி கம்பி சிவப்பு. கேபிள் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குத் தொடராகப் போகிறது. நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் ஒரு பகுதியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த வேகத்தில் கேபிள் வெறுமனே முடிந்தால் சமிக்ஞை முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த பிட்டைக் கெடுக்கும். அதைத் தடுக்க ஏ, பி இடையே 220 ஓம், பி-யிலிருந்து 5 வோல்ட்டுக்கு 390, ஏ-யிலிருந்து சுழி வோல்ட்டுக்கு 390. இந்த மூன்றும் 9 முள் கனெக்டருக்குள்ளேயே இருக்கின்றன. வெளியே தெரிவது ஒரு சிறு சுவிட்ச் மட்டும்.

அந்தச் சுவிட்ச் இரண்டு கோடிகளில் மட்டுமே ஆன் ஆகவேண்டும். நடுவில் யாராவது ஆன் செய்தால், பல கனெக்டர்களில் வெளியே செல்லும் கேபிள் துண்டிக்கப்பட்டு, அதற்கப்பால் உள்ள கருவிகள் அனைத்தும் அவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஆகவே இது எங்கே இருக்கவேண்டும் என்பதைப் பெயரே சொல்லவேண்டும் என்கிறேன். பள்ளி இலக்கணத்தில் ஈற்றெழுத்து, ஈற்றயல் படித்த எவருக்கும் 'ஈற்று' என்றதும் கடைசி இடம் புரியும். பொருளைக் குறிக்க மின்தடையம் ஏற்கெனவே உண்டு, சுருக்கி 'ஈற்றுத்தடையம்'. 'தடயம்' என்று காதில் விழும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் 'ஈற்று' முன்னால் நிற்கும்போது காவல்துறை யார் நினைவுக்கும் வராது.

ஒன்று மிச்சமிருக்கிறது. கனெக்டரில் உள்ள தடையங்களுக்கு 5 வோல்ட்டைத் தருவது அது செருகப்பட்ட கருவிதான். கடைசிக் கருவியை அணைத்தால் ஈற்றுத்தடையம் சரியாக வேலை செய்யாது. அதனால் சொந்த மின்வழங்கலோடு தனியாக ஒன்றைக் கோடியில் வைப்பதுண்டு. அதைத் 'தன்மின் ஈற்றுத்தடையம்' என்று குறித்து வைத்திருக்கிறேன், நிறைவில்லை. ஆங்கில 'ஆக்டிவ்'வை ஒட்டிச் 'செயலுறு' என்றால் மற்றது செயல்படாதது போல் ஒலிக்கிறது. பேனல் வேலை தெரிந்தவர்கள் ஒரு சொல் தாருங்கள்.