பெர்கன் – கிர்க்கெனெஸ் கரையோரக் கப்பல் பயணம்: துறைமுக நிறுத்தங்கள், கடல் குமட்டல் குறித்து உதவி தேவை

கேள்வி

வணக்கம். வரும் செப்டம்பர் நடுவில் நானும் என் கணவரும் நார்வே கரையை ஒட்டிச் செல்லும் கப்பலில், பெர்கனிலிருந்து வடகிழக்கு மூலையில் உள்ள கிர்க்கெனெஸ் வரை சென்று அதே கப்பலில் திரும்பும் 12 நாள் பயணத்திற்குப் பதிவு செய்திருக்கிறோம். அவர் பணி ஓய்வு பெற்ற பிறகு இருவரும் சேர்ந்து போகும் முதல் வெளிநாட்டுப் பயணம் இது என்பதால், எல்லாம் நல்லபடியாக அமைய வேண்டும் என்ற கவலை எனக்கு அதிகமாகவே இருக்கிறது.

கால அட்டவணை கைக்கு வந்ததும் மூன்று சந்தேகங்கள் எழுந்தன. 34 துறைமுகங்கள் என்று சொன்னாலும் பலவற்றில் கப்பல் கால் மணி நேரமே நிற்கிறது, சிலவற்றை நடுநிசியில் அடைகிறது. போன வழியிலேயே திரும்புவதைவிடக் கிர்க்கெனெஸில் இறங்கி விமானத்தில் ஓஸ்லோவுக்கு வந்துவிடலாமா? அடுத்து, கொடைக்கானல் மலைப்பாதை வளைவுகளே என் கணவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. திறந்த கடலில் அவர் நிலை என்னவாகும்? கடைசியாக, கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்கிறார்கள். அப்படியானால் எந்த ஊர்களில் நாங்களாகவே இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம்?

முதல் பதில் (ட்ரொம்சோவிலிருந்து)

வணக்கம் சகோதரி. நான் வட நோர்வேயில் நீண்ட காலமாக வசிக்கும் ஈழத்தமிழன். இந்தக் கப்பலை உல்லாசக் கப்பலாக எண்ணிக்கொண்டு அட்டவணையைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் 1893இல் ‘வெஸ்டெரோலன்’ என்ற நீராவிக் கப்பலைக் கொண்டு ட்ரொண்ட்ஹெய்முக்கும் ஹம்மர்ஃபெஸ்டுக்கும் இடையே தொடங்கிய அஞ்சல், சரக்கு, பயணிகள் சேவையின் தொடர்ச்சி இது. இன்றைக்கும் இவ்வூர் மக்கள் ஒரு பையுடன் ஏறி அடுத்த துறையில் இறங்கிக்கொள்கிறார்கள். சரக்கு ஏற்றி இறக்கியதும் கப்பல் புறப்பட்டுவிடும். கால் மணி நேர நிறுத்தங்கள் இருப்பது அதற்காகவே. அவற்றை இழப்பாக எண்ணாமல், மேல்தளத்தில் நின்று பாருங்கள். இந்தக் கரையோர மக்களின் வாழ்க்கை அந்தச் சில நிமிடங்களில் கண்முன்னே தெரியும்.

திரும்பும் பாதியை விட்டுவிட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். போகும்போது இரவில் கடந்த துறைகள் பலவற்றைத் திரும்பும்போது பகலில் காணும்படி அட்டவணை அமைந்திருக்கிறது. வடக்கே செல்கையில் இரவு இருட்டில் கடக்கும் சூர்ட்லண்ட் துறையும், அதற்குத் தெற்கே உள்ள குறுகலான ராஃப்ட்சுண்ட் நீரிணையும் தெற்கே வரும்போதுதான் வெளிச்சத்தில் கிடைக்கும். வாய்ப்பகுதியில் ஏறத்தாழ 100 மீட்டரே அகலமுள்ள ட்ரோல்ஃபியோர்டு என்ற கடற்கழி அங்கேதான் இருக்கிறது. வானிலை இடம் கொடுத்தால் கப்பல் தலைவர் அதற்குள் நுழைந்து கப்பலைத் திருப்புவார். புரோன்னோய்சுண்டுக்கு அருகே மலையின் ஊடாகத் துளை விழுந்திருக்கும் தோர்காட்டனும், ஏழு சகோதரிகள் என்ற மலைத்தொடரும் அவ்வாறே. மாறாக, ட்ரொம்சோவில் போகும்போது பிற்பகலில் சுமார் நான்கு மணி நேரம் கிடைக்கும். வரும்போது நள்ளிரவை ஒட்டித்தான் கப்பல் அங்கே வரும்.

நீங்களாகவே இறங்க ஏற்றவை ட்ரொண்ட்ஹெய்மும் ட்ரொம்சோவும். ட்ரொண்ட்ஹெய்மில் துறையிலிருந்து நிதாரோஸ் பேராலயத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். திரும்பும் வழியில் பழைய பாலத்தின் மேல் நின்று நீதெல்வா ஆற்றங்கரையின் மரக் கிடங்குகளைப் பாருங்கள். எங்கள் ட்ரொம்சோவில், 1965இல் கட்டிய ஆர்க்டிக் பேராலயமும், 421 மீட்டர் உயரமுள்ள ஸ்டோர்ஸ்டெய்னன் மலைக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியும் பாலத்தின் மறுகரையில் இருக்கின்றன. இரண்டையும் பார்க்க நினைத்தால் போகும்போது பேருந்தில் செல்லுங்கள்; பாலம் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமானது, அதன்மேல் காற்றும் கடுமையாக வீசும்.

ஹோனிங்ஸ்வோகில் மட்டும் கப்பல் வழியாகவே சுற்றுலாவைப் பதிவு செய்யுங்கள். அங்கே எல்லோரும் பார்க்கப் போகும் வடமுனை (நார்த் கேப் என்ற நிலமுனை; வட துருவம் அல்ல) துறையிலிருந்து ஏறத்தாழ 34 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு வழிக்கே முக்கால் மணி நேரம் ஆகும். நிறுத்தமோ மூன்றரை மணி நேரம் அளவில்தான். கப்பல் ஏற்பாடு செய்யும் பேருந்து தாமதமானால் அதைச் சரிசெய்வது கப்பலின் பொறுப்பாகிறது. தனியாகச் சென்றால் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

எந்த ஊரில் இறங்கினாலும் கடவுச்சீட்டு, வங்கி அட்டை, அன்றைய மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். கப்பலைத் தவறவிட்டாலும் மறுநாள் இன்னொரு கப்பல் வரும். ஆனால் அதில் உங்களுக்கு இடம் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கிர்க்கெனெஸ் அருகே பின்லாந்து, ரஷ்ய எல்லைகள் இருப்பதால் கைப்பேசி அயல்நாட்டு அலைவரிசையைப் பிடித்து ஒரு மணி நேரம் முன்னால் தாவிவிடக்கூடும். அதனால் கப்பல் தவறாது என்றாலும், சில மணி நேர நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் வீணாகும். முந்தின இரவே தானியங்கி நேர மாற்றத்தையும் ரோமிங் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் பதில் (சென்னையிலிருந்து)

அம்மா, என் மனைவிக்கும் உங்கள் கணவரைப் போன்ற உடல்வாகுதான். இதே வழியில் நாங்கள் சென்று வந்தோம் என்பதால் குமட்டல் பற்றி மட்டும் எழுதுகிறேன். பயணத்தின் பெரும்பகுதி தீவுகளின் மறைவிலேயே அமைகிறது. அங்கே கப்பல் ஆடுவதே தெரியாது. திறந்த கடல் வரும் இடங்கள் சிலவே, அவற்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம். முதல் இரவு முடியும் வேளையில் ஸ்டாட் முனையைச் சுற்றும்போது ஆட்டம் தொடங்கும். அன்றிரவு மோல்டேவுக்கும் கிறிஸ்டியான்சுண்டுக்கும் இடையே ஹுஸ்டாட்விகாவும், மறுநாள் ட்ரொண்ட்ஹெய்மைக் கடந்த பின் ஃபோல்டாவும் வரும். போடோவிலிருந்து லோஃபோட்டன் தீவுகளுக்குச் செல்லும் வெஸ்ட்ஃபியோர்டு சில மணி நேரம் நீடிக்கும். ஹோனிங்ஸ்வோகைத் தாண்டியதும் பாரன்ட்ஸ் கடல். அலை மிகுந்தால் மெஹாம்ன், பெர்லவோக் போன்ற சிறு துறைகளை விட்டுவிட்டே கப்பல் போய்விடும்.

அறையை இப்போதே மாற்ற முடியுமானால் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்வான தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்முனை அறை வேண்டாம். மாத்திரையைக் குமட்டல் வந்த பின் போட்டுப் பயனில்லை; அந்த இடங்கள் வருவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போட வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் அவோமின் பலருக்கு ஒத்துக்கொள்கிறது என்றாலும் தூக்கம் வரவழைக்கும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. உங்கள் கணவரின் மற்ற மருந்துச் சீட்டுகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் வயிற்றிலும் இருக்க வேண்டாம், வயிறு முட்டவும் உண்ண வேண்டாம். படிப்பதையும் கைப்பேசி பார்ப்பதையும் தவிர்த்து, மேல்தளத்தில் தொடுவானத்தைப் பார்த்தபடி இருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திரும்பும் பாதியை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். நடுப்பகுதி அறைக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. பயணம் முடிந்த பிறகு சில நாட்கள் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக்கும் போய் வர எண்ணுகிறோம். அதுவும் நார்வேயைச் சேர்ந்தது என்பதால் ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவே (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) போதும் என்று எங்கள் பயண முகவர் சொல்கிறார், அது சரியா? நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவம். கப்பலில் சமாளிக்க முடியுமா?

மூன்றாம் பதில்

ஒற்றை நுழைவு போதாது. ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சிக்குட்பட்டதே என்றாலும் ஷெங்கன் பகுதிக்குள் சேராது. அங்கே போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகவும், திரும்புவது மீண்டும் நுழைவதாகவும் கணக்காகும். ஒற்றை நுழைவு விசாவுடன் சென்றால் திரும்பும் விமானத்தில் சிக்கல் வரும். ஆகவே விண்ணப்பத்திலேயே இரட்டை நுழைவு அல்லது பன்முறை நுழைவு கேட்டு, ஸ்வால்பார்டு விமானப் பதிவையும் இணையுங்கள். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனாலும் அதிக நாட்கள் தங்கும் நாடு நார்வே என்பதால் அந்நாட்டு விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஸ்வால்பார்டு நாட்களும் அதில் அடங்குகின்றனவா என்று தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் முட்டையும் பாலாடைக்கட்டியும் வரும். மீனைக்கூடச் சிலர் தந்துவிடுவார்கள். இறைச்சி, மீன், முட்டை, அவற்றின் சாறு எதுவும் கூடாது, பாலும் தயிரும் சம்மதம் என்று பதிவு எண்ணுடன் இப்போதே எழுதி அனுப்பிவிட்டு, ஏறிய முதல் மாலையே உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லுங்கள். நல்லெண்ணெய் விட்ட பருப்புப் பொடியும் ஊறுகாயும் சிறிய புட்டியில் எடுத்துச் செல்லலாம். ஆனால் அவற்றைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் நன்றாகக் கட்டி வையுங்கள்.