குடும்பக் குழு: சத்தம் வருகிறது, படம் இல்லை

அத்தை: டிவியில் சத்தம் மட்டும் வருகிறது. திரை கறுப்பாகவே இருக்கிறது. நேற்று ராத்திரி வரை நன்றாகத்தான் ஓடியது.

மாமா: பேனல் போயிருக்கும். பேனல் போனால் புது டிவிதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

சித்தப்பா: அத்தான், அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். அக்கா, ரிமோட்டில் சேனல் மாற்றினால் சத்தமும் மாறுகிறதா?

அத்தை: மாறுகிறது. ஒலியைக் கூட்டினாலும் கேட்கிறது.

சித்தப்பா: நல்லது. அப்படியென்றால் படம், சத்தம் இரண்டையும் கவனிக்கும் மெயின் போர்டு வேலை செய்கிறது, அதற்கு வேண்டிய மின்சாரமும் போகிறது. இப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, மெனுவைத் திறந்து வைத்து, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மெனு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓடும் படத்தைவிட அசையாத எழுத்து சீக்கிரம் கண்ணில் படும்.

அத்தை: [படம்]

அத்தை: தெரிகிறது தம்பி! மங்கலாக, நிழல் போல எழுத்து இருக்கிறது.

சித்தப்பா: அப்புறம் என்ன, பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. எல்சிடி பேனல் தானாக ஒளிராது. அது படத்தை மட்டும் உருவாக்கும், வெளிச்சம் பின்னாலிருக்கும் எல்இடி ஸ்ட்ரிப்பிலிருந்து, அதாவது சின்ன விளக்குகள் பதித்த பட்டையிலிருந்து, வர வேண்டும். பேக்லைட் என்பது அதுதான். அந்த வெளிச்சம்தான் இல்லை.

நான்: நாளைக்கு நான் அத்தை வீட்டுக்குப் போகிறேன் சித்தப்பா. கோளாறு ஸ்ட்ரிப்பிலா, அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டிலா என்று திறக்காமலே சொல்ல முடியுமா?

சித்தப்பா: ஓரளவு சொல்லலாம். அக்கா, டிவியை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள். திரை ஒரு கணம் வெளிச்சம் காட்டிவிட்டு அணைகிறதா, இல்லை துளிகூட வரவில்லையா?

அத்தை: ஒரு நொடி பளிச்சென்று வந்து போய்விட்டது.

சித்தப்பா: சரி. எல்இடி எல்லாம் சீரியல் பல்பு போல வரிசையில் கோத்திருக்கும். ஒன்று ஓப்பன் ஆனால், அதாவது உள்ளே அறுந்துபோனால், அந்த வரிசையே இருட்டாகிவிடும். டிரைவர் கரண்ட் ஓடவில்லையே என்று வோல்ட்டை ஏற்றிப் பார்க்கும், வரம்பைத் தாண்டியதும் பாதுகாப்புக்காக மொத்தத்தையும் நிறுத்திவிடும். இரண்டு மூன்று வரிசை உள்ள டிவியில் நல்ல வரிசை அந்த ஒரு நொடி எரியும். அதைத்தான் அக்கா பார்த்திருக்கிறார். வெளிச்சமே வராதிருந்தால் டிரைவர், மெயின் போர்டிலிருந்து வரும் பேக்லைட் ஆன் சிக்னல், ஒரே வரிசையாக உள்ள ஸ்ட்ரிப் மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். இங்கே ஸ்ட்ரிப் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனாலும் அளந்து பார்க்காமல் எதையும் கழற்றாதே.

அண்ணன்: சித்தப்பா, என் டிவியில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக்கோடு. ஓரத்தில் தட்டினால் சில சமயம் போய்விடுகிறது. இதுவும் பேக்லைட்டா?

சித்தப்பா: இல்லை. பேக்லைட் போனால் இருட்டு வரும், கோடு வராது. மெனுவைத் திறந்தால் அதன் மேலும் கோடு வருகிறதா? வந்தால் ஆண்டெனா, செட்டாப் பாக்ஸ் மேல் பழி இல்லை. தட்டினால் போய்ப் போய் வருவது பேனல் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம் இணைப்பு விட்டுப்போனதற்கு அடையாளம். அதைத் திரும்ப ஒட்டத் தனி இயந்திரம் வேண்டும், மேஜையில் சால்டரிங் அயர்ன் வைத்துச் செய்கிற வேலை அல்ல. தட்டுவதை மட்டும் நிறுத்து. ஒரு கோடு பத்துக் கோடாகும்.

அண்ணன்: அப்போது டி-கான் போர்டு, மெயின் போர்டுக்கும் பேனலுக்கும் நடுவில் இருக்கிறதே, அதை மாற்றச் சொன்னார்களே?

சித்தப்பா: ஒற்றைக் கோட்டுக்கு டி-கான் காரணமாக இருப்பது அரிது. திரையில் பாதி மட்டும் தெரிவது, படம் நெகட்டிவ் போல மாறுவது, முழுத் திரையும் வெளிறிப்போவது, இவற்றுக்கு டி-கானைப் பார்க்கலாம். அப்போதும் ரிப்பன் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிப் பார், போர்டுக்கு வரும் 12 வோல்ட்டை அள, அதன் பிறகு போர்டு வாங்குவதைப் பற்றி யோசி. ஊகத்தில் போர்டு மாற்றுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விஷயம். நல்ல போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கோளாறை அப்படியே வைத்திருப்போம்.

அக்கா: நானும் கேட்டுவிடுகிறேன் சித்தப்பா. எங்கள் ஹோம் தியேட்டர் போட்டவுடன் ‘ப்ரொடெக்ட்’ என்று காட்டி அணைந்துவிடுகிறது.

சித்தப்பா: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் உள்ள ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடும்மா. எது எங்கே என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள். வயர் எதுவும் இல்லாமல் போட்டுப் பார். ப்ரொடெக்ட் அப்போதும் வந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே, அதை யாராவது திறந்துதான் பார்க்க வேண்டும். வராவிட்டால் வயரிலோ ஸ்பீக்கரிலோ ஷார்ட்.

(மறுநாள்)

நான்: அத்தை வீட்டில் இருக்கிறேன். டிவியைக் குப்புறப் படுக்க வைத்துப் பின்மூடியைக் கழற்றியாயிற்று. கீழே கம்பளி விரித்திருக்கிறேன்.

சித்தப்பா: எதையும் தொடும் முன் பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டர் எங்கே என்று பார். பிளக் பிடுங்கியிருக்கிறாயா?

நான்: பிடுங்கிப் பத்து நிமிஷம் ஆகிறது. ஆனால் மீட்டர் இன்னும் 140 வோல்ட் காட்டுகிறது!

சித்தப்பா: அதற்குத்தான் கேட்டேன். 230 வோல்ட் லைன் ரெக்டிஃபை ஆனால், அதாவது டிசியாக மாறினால், 320-க்கு மேல் போகும். வோல்ட்டை இன்னும் ஏற்றும் பிஎஃப்சி சர்க்யூட் உள்ள போர்டில் 380, 400 வரை நிற்கும். பிளக் பிடுங்கியதோடு அது போய்விடாது. ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்கிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது, நீ அதைச் செய்யாதே. பொறி பறக்கும், போர்டில் உள்ள செம்புத் தடம் பிய்ந்துபோகும், உலோகத் துண்டு கண்ணில் தெறிக்கும். 2 முதல் 5 கிலோஓம் வரை உள்ள 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் இன்சுலேஷன் உள்ள ப்ரோப் வைத்து, கெபாசிட்டர் இரு முனையிலும் சில நொடி பிடி. பிறகு மீட்டரில் மறுபடியும் பார்.

நான்: செய்தேன். 2 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

சித்தப்பா: நல்ல பிள்ளை. இன்னொன்று. பிரைமரி பக்கம், அதாவது வீட்டு மின்சாரம் நேராக வரும் பக்கம், அளக்கும்போது மீட்டரின் கறுப்பு ப்ரோப் பெரிய கெபாசிட்டரின் மைனஸில் இருக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் உள்ள செகண்டரி என்றால் சேசிஸில், அதாவது உலோகச் சட்டத்தில். மாற்றி வைத்தால் மீட்டர் காட்டும் எண்ணை நம்பி நல்ல பாகத்தைக் குறை சொல்வாய். லைனோடு தொடராக ஒரு பல்பை மாட்டி (சீரிஸ் பல்பு) வேலை செய்தால்கூட பிரைமரி பக்கம் கை படக் கூடாது. அந்தப் பல்பு காப்பாற்றுவது ஃப்யூஸையும், மாஸ்ஃபெட் என்ற ஸ்விட்ச்சிங் பாகத்தையும்தான். உன்னைக் காப்பாற்றாது.

மாமா: இவ்வளவு ஆபத்தா? நாங்கள் தூசி தட்டுகிறோம் என்று மூடியைக் கழற்றியிருக்கிறோமே.

சித்தப்பா: இனி வேண்டாம் அத்தான். வெளியிலிருந்து காற்றோட்டத் துளைகளைத் துடைத்தால் போதும்.

நான்: ஸ்ட்ரிப் கனெக்டரைக் கழற்றி எல்இடி டெஸ்டரை வைத்தேன். இரண்டு வரிசை. ஒன்று எரிகிறது, இன்னொன்று எரியவில்லை.

சித்தப்பா: இனிமேல்தான் கவனமான வேலை. பேனலை எடுக்க இரண்டு பேர் வேண்டும், தனியாக முயலாதே. திரை மேலே பார்க்கும்படி திருப்பி வைத்து ஃப்ரேமைக் கழற்றி, ஃபிலிம் இணைப்பு தொங்கும் விளிம்பைத் தொடாமல் மற்ற பக்கங்களைப் பிடித்துத் தூக்குங்கள். அந்த ஃபிலிம் ஒன்று கிழிந்தால் நல்ல பேனல் அன்றோடு முடிந்தது. பேனலுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பரப்பும் ஷீட்டுகளை எடுக்கும்போது வரிசையையும் எந்தப் பக்கம் மேலே என்பதையும் போட்டோ எடு. கையுறை போட்டுக்கொள், கைரேகை விழுந்தால் படத்தில் திட்டாகத் தெரியும்.

அத்தை: நானும் அவரும் ஒரு பக்கம் பிடிக்கிறோம். மின்விசிறியை நிறுத்திவிட்டேன், தூசி பறக்கிறது.

சித்தப்பா: அக்காவுக்கு வேலை தெரிந்துவிட்டது.

நான்: [படம்]

நான்: எடுத்தாயிற்று. மூன்றாவது எல்இடி நடுவில் ஊசிமுனை அளவு கருப்புப் புள்ளி. அதற்கு அடுத்ததின் லென்ஸ் கழன்று கீழே கிடக்கிறது.

சித்தப்பா: கருப்புப் புள்ளி எரிந்துபோன எல்இடி. வெளிச்சத்தைப் பரப்பும் லென்ஸ் கழன்றால் திரையில் அந்த இடம் மட்டும் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அக்கா, இதற்கு முன்னால் அப்படி ஏதாவது தெரிந்ததா?

அத்தை: ஆமாம், ஒரு மூலையில் வெள்ளையாக இருந்தது. திரையில் அழுக்கு என்று துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மாமா: அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

சித்தப்பா: எரிய வைத்துவிடலாம் அத்தான். ஆனால் மற்றவையும் அதே வயசு, அதே சூட்டில் வெந்தவை. சில மாதத்தில் இன்னொன்று போகும், மறுபடியும் பேனலைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பேனலுக்கு ஆபத்து. அதனால் முழு செட்டாக மாற்றச் சொல்வேன். வாங்கும்போது ஸ்ட்ரிப்பில் அச்சிட்டிருக்கும் எண், நீளம், எல்இடி எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். 3 வோல்ட் எல்இடியும் இருக்கிறது, 6 வோல்ட்டும் இருக்கிறது. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டால் டிரைவர் ஏற்றுக்கொள்ளாது.

அக்கா: சித்தப்பா! வயரை எல்லாம் எடுத்துவிட்டுப் போட்டேன், ப்ரொடெக்ட் வரவில்லை. ஒவ்வொன்றாக மாட்டினேன், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுத்தான். பின்பக்க இடது ஸ்பீக்கரில் திரும்ப வந்தது.

அக்கா: [படம்]

சித்தப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார். சிவப்பு டெர்மினலிலிருந்து ஒரு மெல்லிய செம்பு இழை கறுப்பு வரை நீண்டிருக்கிறது. வயர் முனையை நறுக்கிவிட்டு, தேவையான அளவு மட்டும் உரித்து, இழைகளை முறுக்கி மாட்டு. சிவப்பு சிவப்பில்தான் போக வேண்டும். ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தால் சத்தம் வரும், பேஸ் காணாமல் போகும்.

அக்கா: இப்போது ஓடுகிறது. வீட்டில் மீட்டர் இருக்கிறது, ஸ்பீக்கரையும் பார்க்கட்டுமா?

சித்தப்பா: வயரைக் கழற்றிவிட்டு ஓம்ஸில் வைத்துப் பார். 8 ஓம் ஸ்பீக்கர் 6 பக்கம் காட்டும், அது சரிதான், ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று பயப்படாதே. 0 பக்கம் வந்தால் ஷார்ட், ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது.

அக்கா: எல்லாம் 6 பக்கம்தான். ஆனால் டிவி சத்தம் மட்டும் இதில் வரமாட்டேன் என்கிறது.

நான்: அக்கா, டிவியில் ‘ஏஆர்சி’ என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் மாட்டியிருக்கிறாயா? அந்த ஒன்றில் மட்டும்தான் டிவி சத்தம் திரும்பி வரும். அமைப்பில் சிஇசி-யும், அதாவது எச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதியும், ஆன் ஆக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். மாற்றிய பிறகு இரண்டு பிளக்கையும் பிடுங்கி ஒரு நிமிஷம் கழித்துப் போடு.

அக்கா: வேறு துளையில் இருந்தது. இப்போது வருகிறது!

(நான்கு நாள் கழித்து)

நான்: ஸ்ட்ரிப் செட் வந்துவிட்டது. ஒட்டியாயிற்று. பேனலை வைக்கும் முன் டெஸ்டரில் எல்லாவற்றையும் எரிய வைத்துப் பார்த்தேன், லென்ஸ் எல்லாம் உறுதியாக இருக்கிறது. மூடியாயிற்று, படம் வந்துவிட்டது.

அத்தை: [படம்]

அத்தை: முன்பைவிட வெளிச்சமாக இருக்கிறது!

சித்தப்பா: அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் அக்கா. கடையில் வைத்த அமைப்பிலேயே 100-இல் ஓடியிருக்கும், எல்இடி சூடாவதும் சீக்கிரம் போவதும் அதனால்தான். பட அமைப்பில் ‘பேக்லைட்’ என்பதை 60 பக்கம் வையுங்கள். ‘ப்ரைட்னஸ்’ வேறு, நிறைய டிவியில் அது கறுப்பின் அளவைத்தான் மாற்றும், எல்இடிக்கு அதனால் ஓய்வு கிடைக்காது.

அத்தை: எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே.

நான்: படம், அதற்குள் மேம்பட்ட அமைப்பு, அதில் முதல் வரி. நான் கிளம்பும் முன் வைத்துவிடுகிறேன் அத்தை.

அண்ணன்: சித்தப்பா, மெனு மேலும் கோடு வருகிறது. தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

சித்தப்பா: பேனல் எண்ணைப் பின்பக்க ஸ்டிக்கரில் பார்த்து அனுப்பு. அந்த ஃபிலிமை ஒட்டும் பாண்டிங் இயந்திரம் வைத்திருப்பவரிடம் செய்ய முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.