பிரித்துக் கட்டிய பழைய இன்ஜினில் கம்ப்ரஷன் போன அனுபவம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

இரும்பு பேரல் 78

அப்பாவின் 1978 புல்லட் 350. போன வருடம் முழுசாகப் பிரித்துக் கட்டினோம். பேரலை (சிலிண்டரை) உள்ளே கடைந்து போர் போட்டு, பிஸ்டன், ரிங், வால்வு, வால்வுக் காம்பு ஏறி இறங்கும் கைடு எல்லாம் புதிது. காலையில் டிகம்ப்ரஸ்ஸரை (உள்ளே சேரும் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) இழுத்து ஆம்ப்மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்தி மிதித்தால் ஒரே மிதியில் பிடித்துக்கொள்ளும். டிகம்ப்ரஸ்ஸரை விட்டுவிட்டுக் கிக்கர் மேல் ஏறி நின்றாலும் இறங்காது. உள்ளே காற்று அமுங்கித் தரும் எதிர்ப்பு, அவ்வளவு கம்ப்ரஷன்.

நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் சைலன்சரில் 'பட் பட்' என்று இரண்டு வெடி, அப்புறம் சத்தமே இல்லை. முதல் தடவை மதுராந்தகம் ஏரிப் பக்கம் நின்றது. மிதிக்கிறேன், கிக்கர் சும்மா கீழே போகிறது. உள்ளே பிஸ்டனே இல்லாத மாதிரி. அந்த வெறுமை இன்னும் என் வலது பாதத்தில் இருக்கிறது.

மறுநாள் காலை பார்த்தால் கம்ப்ரஷன் பழையபடி வந்து நிற்கிறது. பட்டறையில் மூன்று முறை, ஹெட்டுக்கும் பேரலுக்கும் நடுவிலிருக்கும் ஹெட் கேஸ்கெட்டை மாற்றினார்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் தானாக ஒட்டிக்கொள்கிற கேஸ்கெட் உண்டா? இதை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலாவது முறை அச்சிறுபாக்கம் தாண்டி நின்றபோது சாலையோரக் கடையிலிருந்து ஒரு பெரியவர் டார்ச்சோடு வந்தார். ஸ்பானர் வாங்கி எக்சாஸ்ட் பக்க ராக்கர் கவரைக் கழற்றினார். ஸ்பிரிங் பாதி அமுங்கியபடியே நிற்கிறது, வால்வைத் திறக்க ராக்கரைத் தள்ளும் புஷ்ராட் தொளதொளவென்று ஆடுகிறது. ஸ்பிரிங் தொப்பியில் மரக்கட்டையால் லேசாக ஒரு தட்டு. 'டக்' என்று வால்வு மேலே ஏறி உட்கார்ந்தது. "மிதிங்க தம்பி" என்றார். மிதித்தேன், கிக்கர் பாதியில் நின்றது.

புதுக் கைடின் துளையைப் பெரிதாக்க ரீமர் போட்டது பற்றவில்லை. சூடேறினால் வால்வுக் காம்பு பருத்து கைடுக்குள் மாட்டிக்கொள்கிறது, வால்வு திறந்தபடியே நின்றுவிடுகிறது. ஆறினால் விட்டுவிடும். கேஸ்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

திருச்சி ஸ்டாண்டர்ட்

எனக்கு வால்வு மாட்டவில்லை, ஆனால் திறந்தே நின்றது. 300 கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் நட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டும் என்று சொல்வார்களே, அதை ஒழுங்காகச் செய்தேன். புஷ்ராட் பார்க்கத் தோன்றவில்லை. மறுநாள் தங்கைக்கு நிச்சயதார்த்தம். காலை ஆறு மணிக்குப் பூ வாங்கக் கிளம்புகிறேன், கிக்கர் பஞ்சு மாதிரி இறங்குகிறது.

ஆட்டோவில் போய் வந்தேன். மத்தியானம் டேப்பெட் கவரைத் திறந்து, பிஸ்டனை டாப்பில் நிறுத்தி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே விரலால் புஷ்ராடைச் சுழற்றிப் பார்த்தேன். இன்டேக் சுழன்றது. எக்சாஸ்ட் அசையவே இல்லை. நட்டு இறுக இறுக கேஸ்கெட் அமுங்கி ஹெட் ஒரு மயிரிழை கீழே இறங்கும். புஷ்ராட் நீளம் குறையாதே, அது இருந்த இடைவெளியைத் தின்றுவிட்டது. அட்ஜஸ்டரைக் கால் திருப்பு தளர்த்தினேன், தடையில்லாமல் சுழன்றது, கம்ப்ரஷன் வந்துவிட்டது. அந்த விரல் நுனி அசையாத நொடியில்தான் எனக்கு விஷயமே புரிந்தது.

அளந்து பார்

முதல் பதிவு போட்டவருக்கு: மூன்று கேஸ்கெட் செலவு தேவையே இல்லை. கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் ஒரு கம்ப்ரஷன் கேஜும் இருந்தால் பாதி வழக்கு வீட்டிலேயே தீர்ந்துவிடும். எனக்கும் ஒரு முறை ரிங் என்று நினைத்துப் பிரித்து, கடைசியில் வால்வு சீட் என்று தெரிந்தது. அதிலிருந்து அளக்காமல் நட்டில் கை வைப்பதில்லை.

பிளக்கைக் கழற்றி கேஜைப் பொருத்துங்கள். ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து பிடியுங்கள், பாதி திறந்தால் உள்ளே காற்று போகாது, அளவு பொய் சொல்லும். முள் ஏறுவது நிற்கும்வரை மிதியுங்கள். குறித்துக்கொண்டு பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளங்கள். நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கிலும் போரிலும். ஏறவில்லையென்றால் வால்வு அல்லது கேஸ்கெட்.

அந்த இரண்டில் எது? பிஸ்டனை டாப்பில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் காற்றழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளிவிடும். பிளக் துளையில் காற்று கொடுத்துக் காதை வையுங்கள். கார்புரேட்டரில் 'உஸ்' என்றால் இன்டேக் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்சாஸ்ட். இன்ஜினின் அடிப்பெட்டியிலிருந்து காற்று வெளியேறும் பிரீதர் குழாயில் வந்தால் ரிங். ஹெட்டும் பேரலும் சேருமிடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வந்தால் மட்டும் கேஸ்கெட். இன்னொன்று, செம்பு கேஸ்கெட் என்றால் பழையதையே போடுவதாக இருந்தாலும் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டுத்தான் மாட்ட வேண்டும். ஒருமுறை இறுகிய செம்பு கெட்டியாகிவிடும், அடுத்த முறை மேடு பள்ளத்தில் படியாது. ஹெட்டின் முகத்தையும் கண்ணாடிப் பலகையில் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். கேஜில் 100 psiக்குக் கீழே வந்தால் யோசிக்காமல் பிரித்துவிடுங்கள்.

நீலகிரி ரைடர்

அந்த 100ஐ நம்பித்தான் நான் இரண்டு முறை பிரித்தேன். ஊட்டியில் இருக்கிறேன். கட்டி 800 கிலோமீட்டர் ஓடிய 350, கேஜில் 82ஐத் தாண்டவில்லை. ஆயில் விட்டாலும் பெரிதாக ஏறவில்லை. சோப்புத் தண்ணீரில் குமிழியும் இல்லை. புது கேஸ்கெட் போட்டும் அதே 82.

வேறு வேலையாக மேட்டுப்பாளையம் இறங்கினேன். கேஜ் பையில் இருந்தது. டீக்கடை வாசலில் சும்மா மாட்டி மிதித்தேன். 105. அதே வண்டி, அதே கேஜ், அதே கால். முள்ளைப் பார்த்துக்கொண்டே டீயை ஆறவிட்டேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கீழே இருக்கிற காற்றில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான் அங்கே இருக்கும். உள்ளே போகிற காற்றே குறைவு என்றால் அமுங்கி வருவதும் குறையத்தானே செய்யும்? எண்ணைச் சொல்பவர்கள் எந்த ஊரில் அளந்தது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கெட்டுப்போனது என் ஹெட் ஸ்டட் மரைதான், பிரித்துப் பிரித்து.

யெஸ்டி 250

டூ ஸ்ட்ரோக்காரர்களுக்கு இந்தக் கேஜ் பாதிதான் சொல்லும். என் வண்டியில் கம்ப்ரஷன் நன்றாகவே இருந்தது. ஆனால் ஐடிலில் தானாக 'ஙீ' என்று ஏறும், ஆக்சிலேட்டரை விட்டாலும் இறங்காது. டைனமோ பக்கத்து கிராங்க் ஆயில் சீல் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கட்டும்போது பழைய சீலையே போட்டிருக்கிறார்கள். காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறையும், பிஸ்டன் பிடித்துவிடும். எனக்குத் திண்டுக்கல் சாலையில் பிடித்தது, பின் சக்கரம் பூட்டிக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போனது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. கிளட்ச் பக்கத்து சீல் போனால் வேறு மாதிரி, கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை விடும்.

வடமராட்சி

எங்கட கதை வேறு. 93இல் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை. எல்லாரும் மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம், சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு. அப்பாவின் ஹொண்டா 90இன் ஹெட் கேஸ்கெட் எரிந்துபோனது. புதிசு எங்கே வாங்குவது? கொல்லர் ஒருவர் செப்புத் தகட்டைப் பழையதின் மேல் வைத்துக் கீறி, உளியால் வெட்டி, உலையில் சிவக்க வைத்துத் தண்ணீரில் போட்டார். 'உஷ்' என்ற அந்தச் சத்தமும், கறுத்த தகடு கையில் துணி மாதிரி வளைந்ததும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இடம்பெயரும்வரை அந்த கேஸ்கெட் ஒழுகவில்லை.

இரும்பு பேரல் 78

@அளந்து பார்: கேஜ் வைத்துப் பார்த்தோம் அண்ணே, மூன்று முறையும். பட்டறைக்கு வண்டி வந்து சேரும்போது ஆறியிருக்கும், அளவு அருமையாக இருக்கும். அதுதான் எங்களைச் சுற்றவிட்டது. நின்ற இடத்திலேயே, சூட்டோடு அளந்திருக்க வேண்டும்.

கைடை மறுபடி ரீமர் போட்டாயிற்று, எக்சாஸ்ட்டுக்கு இன்டேக்கைவிடக் கூடுதல் இடைவெளி விட்டு. போன ஞாயிறு அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துத் திண்டிவனம் வரை போனோம். திரும்பும்போது மதுராந்தகம் ஏரிப் பக்கம் நானாகவே நிறுத்தினேன். இன்ஜின் கொதிக்கிறது. அப்பா இறங்கி, "இரு, நான் பார்க்கிறேன்" என்று செருப்பை உதறிவிட்டு வெறுங்காலைக் கிக்கர் மேல் வைத்து அழுத்தினார். இறங்கவில்லை.