பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் முதல் பத்து நிமிடம்

சித்தப்பா காலமானபின் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீட்டை, வாடகைக்கு விடுமுன் பார்த்துவரப் போனேன். கூட வந்தவர் எங்களுக்கு வெகுநாள் பழக்கமான எலக்ட்ரீஷியன். கதவைத் தள்ளியதும் கும்மிருட்டு. என் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. "தொடாதீங்க தம்பி" என்று மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். டார்ச்சைக்கூட வாசலிலேயே போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

சமையலறையில் சிலிண்டர் அடுப்போடு இணைத்தபடியே இருந்தது. ரெகுலேட்டர் மூடித்தான் இருந்தது. ஆனால் ரப்பர் குழாயை லேசாக வளைத்ததும் கோடு கோடாகப் பிளந்தது. சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு படிந்து கிடக்கும். அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டாலும் பொறி வரும், அணைத்தாலும் வரும். வாடை அடித்தால் எதையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடணும் என்றார்.

என்னை உலுக்கிப் போட்டது பியூஸ் பெட்டிதான். மின் இணைப்பை யாரும் துண்டிக்கவே இல்லை. மெயினை அணைத்துவிட்டு, பியூஸ் கட்டையைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். மெல்லிய கம்பி ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் நாலைந்து செப்புக் கம்பிகளை முறுக்கிக் கட்டியிருந்தது. அடிக்கடி போகிறதே என்று யாரோ அலுத்துப்போய்ச் செய்த வேலை. பியூஸ் கம்பி மெல்லிசாக இருப்பதே உருகுவதற்குத்தான். அது உருகாவிட்டால் சுவருக்குள் ஓடும் வயர் சூடேறி எரியும். அந்த வயரைப் பரண் வரை டார்ச் அடித்துத் தொடர்ந்து போனோம். எலி கடித்து ஒரு சாண் நீளத்துக்கு மேலுறையே இல்லை. நேர் கீழே கட்டுக்கட்டாகப் பழைய செய்தித்தாள். அதையே கிழித்துப் பஞ்சு மாதிரி ஆக்கி எலி கூடு கட்டியிருந்தது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். உங்கள் கை சுவிட்சுக்குப் போனது, எங்கள் கை துடைப்பத்துக்குப் போனது. நானும் தம்பியும் பாட்டி வீட்டைத் திறந்ததும் எலிப்புழுக்கையை வறட்டு வறட்டென்று கூட்டித் தள்ளினோம். தம்பி வெறுங்காலோடு குளியலறையைக் கழுவினான். குதிகாலில் வெடிப்பு இருந்தது. பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் தொட்டாலே கத்தினான், கண் மஞ்சளித்தது. "எலி இருக்கிற இடத்தில் வேலை செய்தீர்களா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த ஈரம் புண்வழியாக உள்ளே போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. பிழைத்துவிட்டான்.

கூட்டவே கூடாதாம், தூசியோடு கிருமியும் மூச்சில் ஏறும். ஜன்னலைத் திறந்துபோட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடமாவது ஊறவிட்டுத் துணியால் வழித்தெடுக்க வேண்டும். கையுறை, பூட்ஸ், முகக்கவசம் மூன்றும் வேண்டும். அந்த ப்ளீச்சோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். குளோரின் என்ற நச்சுவாயு கிளம்பும்.

*

உங்கள் இருவர் பதிவையும் படித்தேன். யாராவது தரைத்தொட்டி மூடியைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் மாமா வருடக்கணக்காக மூடியிருந்த தொட்டியில் இறங்க ஏணி வைத்துவிட்டார். மெழுகுவத்தியை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் இறங்கலாம் என்று ஒருவர் யோசனை வேறு சொன்னார். அதை நம்பாதீர்கள். உள்ளே மீத்தேன் என்ற எரிவாயு இருந்தால் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் மெழுகுவத்தி பாட்டுக்கு எரியும். அதன் அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதியும் வேண்டாம், அந்த வாயு மூக்கையே மரத்துப்போக வைக்கும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று கணக்கு. வாயு அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் இறங்கவே கூடாது. மயங்கினவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவதுதான் இதில் பெரிய கொடுமை. அத்தை ஏணியை இழுத்துப் போட்டதால் மாமா இன்றைக்கு எங்களோடு இருக்கிறார்.

*

நான் மறுபடி. சித்தப்பா வீட்டுக் கொல்லையிலும் ஒரு தொட்டி உண்டு. அன்று மூடியைக் காலால் தட்டிப் பார்த்தேன், ஆடியது. நாளைக்குச் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்கு இப்போதுதான் போன் போட்டேன்: தொட்டிப் பக்கமே போகவேண்டாம், துடைப்பத்தையும் எடுக்கவேண்டாம், நான் வருகிறவரை வாசலில் நில்லுங்கள் என்று.