நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குப் பின் தடித்துப்போன தழும்பு: என்ன செய்யலாம்?

உவர்மலையான்:
வணக்கம். வைத்தியர்கள் கைனகோமாஸ்டியா என்று சொல்லும் ஆண் மார்புப் பெருக்கத்துக்காகச் சென்ற ஆண்டு கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். பள்ளிக்கூடக் காலம் முதல் தொளதொளத்த சட்டைக்குள் ஒளிந்து திரிந்த எனக்கு, மார்பு தட்டையானதில் குறையொன்றும் இல்லை. ஆனால் முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்விளிம்பில் வெட்டிய இடம் வலப்பக்கத்தில் செந்நிறமாகத் தடித்து எழும்பி, வியர்த்தால் தாங்க முடியாதபடி அரிக்கிறது. இடப்பக்கத்தில் தோல் உள்ளே ஒட்டிக்கொண்டு, கையை உயர்த்தினால் குழி விழுகிறது. செய்த வைத்தியரோ நாளாக மறையும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குள் போக ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால், இப்போது வெளியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி விடுகிறேன். திரும்பவும் வெட்டித் தைத்தால் இது சரியாகுமா? கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் தடிப்பு இளகும் என்று அம்மம்மா சொல்கிறார், அதை நம்பலாமா?

பாலையூற்று தாதி:
தம்பி, நான் தோல் கிளினிக்கில் பல வருடம் வேலை செய்தவள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். தடித்த தழும்பில் இரண்டு வகை உண்டு. வெட்டிய கோட்டின் எல்லைக்குள்ளேயே நின்று தடிப்பது ஒன்று. அது பெரும்பாலும் சில வாரங்களிலேயே எழும்பி, ஒரு வருடம் ஒன்றரை வருடத்துக்குள் மெல்ல மெல்ல இறங்கக்கூடியது. எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவும் கெலோயிட் மற்றையது. அது மாதக்கணக்கு கழித்தும் தொடங்கும், தானாக இறங்குவதும் அரிது. நெஞ்சும் தோளும் காதுமடலும் அதற்கு வாய்ப்பான இடங்கள், எங்களைப் போன்ற கருந்தோல் உள்ளவர்களுக்கு அது கூடுதலாகவும் வரும். உங்கள் வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்தில் உருண்டு திரண்டிருந்தால் வைத்தியரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எந்த வகை என்று தெரியாமல் திரும்ப வெட்ட இணங்காதீர்கள். கெலோயிட்டை வெறுமனே வெட்டி எடுத்தால் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது மீண்டும் வளர்கிறது, சிலருக்கு முன்னதைவிடப் பெரிதாகவும் வளர்கிறது. மாதம் ஒருமுறை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து வாருங்கள். பரவுகிறதா நிற்கிறதா என்பதை அந்தப் படங்களே காட்டிவிடும்.

முதற்சிகிச்சை சிலிகோன். ஒட்டும் தாளாக இருந்தால் நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்குக் குறையாமல் இரண்டு மூன்று மாதமாவது ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதன் அடியில் வியர்வை தேங்கி வேர்க்குரு போடும் என்பதால், தினமும் கழற்றித் தாளையும் தோலையும் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மீண்டும் ஒட்டுங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் ஜெல் பூசலாம். அதற்கும் இறங்காத தடிப்புக்குள் டிரையம்சினலோன் என்னும் ஸ்டீரொயிட் மருந்தை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஊசியாக ஏற்றுவார்கள். ஊசி நோகும், ஆனால் அரிப்பு பலருக்கு முதலில் குறைந்துவிடும். சுற்றியுள்ள தோல் மெலியவும் வெளிறவும் இடமுண்டு என்பதால் பழகிய கைதான் அதைப் போட வேண்டும்.

கன்னியாவுக்குத் தாராளமாகப் போங்கள், ஆனால் தழும்புக்கு மருந்தாக அல்ல. நெஞ்சில் வெட்டிய இடத்தைச் சுற்றித் தோல் மரத்திருக்கலாம். மரத்த தோல் சூட்டைச் சரியாக உணராது.

நிலாவெளிக் கரையோரம்:
நானும் இதே சத்திரசிகிச்சை செய்தவன். குழி விழுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தோல் அடியோடு ஒட்டிக்கொண்டதால் விழுந்த குழி, விரல் நுனியால் அழுத்தி வட்டமாகத் தினமும் தேய்த்துவர ஓரளவு இளகும், எனக்கு இளகியது. கருவட்டத்துக்குக் கீழே இழையத்தை அளவுக்கு மிஞ்சி எடுத்ததால் விழுந்த குழி என்றால் தேய்ப்பதால் பயனில்லை, பின்னாளில் வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை எடுத்து நிரப்புவார்கள். அதற்கும் தழும்பு முதிரும்வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வருடமாவது, பொறுத்திருக்கச் சொல்வார்கள்.

தேய்ப்பதற்குச் சாதாரண தேங்காயெண்ணெய் போதும். தேசிக்காய்ச்சாறு வேண்டாம், விட்டமின் ஈ குளிசையை உடைத்துப் பூசுவதும் சிலருக்கு ஒவ்வாமையாகித் தோலைச் சிவக்க வைக்கிறது. கடலில் குளிக்கும்போது தழும்பில் வெயில் படவிடாதீர்கள், புதிய தழும்பு கறுத்தால் வெளுக்க நெடுநாள் எடுக்கும். மெல்லிய கையுள்ள பெனியனோடு விடியற்காலையில் கடலுக்குள் இறங்கத் தொடங்கினேன், அந்த நேரத்தில் கரைவலைக்காரரைத் தவிர அங்கு ஒருவரும் இருப்பதில்லை, அவர்களும் வலையைத்தான் பார்த்தார்கள்.

கடலோரத்து வாசகி:
மார்பகத்தைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சைக்குப் பின் எனக்கும் மடிப்பின் கீழே கயிறு போலத் தழும்பு எழும்பியது. என்னை வருத்தியது தழும்பைவிட அதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததுதான். அழகுக்காகச் செய்தவள் அழக்கூடாது என்று நானே எனக்குத் தடை போட்டிருந்தேன். அம்மாவிடம் சொன்ன பிறகு சிலிகோன் தாளைக் கழுவிக் காயவைப்பதே அவருடைய வேலையாகிவிட்டது. உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள். உறக்கம் கெட்டு, ஆட்களைச் சந்திக்கவே மனம் வராமல் போனால், அதையும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

உவர்மலையான்:
அனைவருக்கும் நன்றி. வலப்பக்கத் தடிப்பு கோட்டை விட்டு வெளியே வந்ததாகத் தெரியவில்லை. தனியாரிடம் செய்ததற்கு அரச கிளினிக்கில் பார்ப்பார்களா?

பாலையூற்று தாதி:
பார்ப்பார்கள் தம்பி, எங்கே செய்தீர்கள் என்பதற்காக ஒருவரையும் திருப்பி அனுப்புவதில்லை. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தந்த டயக்னோசிஸ் கார்டையும் நீங்கள் எடுத்த படங்களையும் கொண்டு போங்கள். வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் தோல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். இடப்பக்கக் குழிக்குப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் தேவைப்பட்டால் அங்கிருந்தே கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குக் கடிதம் கிடைக்கும். அதுவரை மாலை முதல் காலை வரை 12 மணித்தியாலம் சிலிகோனும், பகலில் வியர்வையை உறிஞ்சும் பருத்திப் பெனியனும் போதும்.